கண்காணிப்புக் கேமராவில் படம் கெட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

ரங்கூனில் மழை தொடங்கிய முதல் வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, கேமராவில் படம் வரவில்லை." எப்படி வரவில்லை என்று கேட்டால் மறுமுனையில் மௌனம். திரை நீலமாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா, படம் மேலும் கீழும் ஓடுகிறதா, கலர் மட்டும் போய்விட்டதா, ராத்திரியில் மட்டும் இப்படியா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். கோயில்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த பிறகு, அந்தக் கேள்விகளை ஒரு வரிசையில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இங்கே பேசுவது பி.என்.சி. முனையோ (செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் உலோக முனை) மஞ்சள் ஆர்.சி.ஏ. பின்னோ உள்ள கேமராக்களைப் பற்றி. இவற்றில் படம் வேறு எந்த அலையின் முதுகிலும் ஏறாமல் தானாகவே கம்பியில் நடந்து போகிறது. பேஸ்பேண்ட் என்று சொல்வது இதைத்தான். நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐ.பி. கேமராவின் கதை வேறு, அதை இதில் சேர்க்கவில்லை. புதிய ஏ.எச்.டி. வகைக் கேமராக்களும் இதே கேபிளில் ஓடுவதால் பெரும்பாலான சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் கண்ணை ஒரு விஷயத்தில் பழக்கிக்கொள்ள வேண்டும். ஆன்டெனா டி.வி.யில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி மழை பெய்யும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கேமரா வயரில் அந்த மழை வராது. சிக்னல் குறைந்தால் படம் இருளும், மங்கும், கலர் போகும், கடைசியில் உருளும். இருட்டில் திரை முழுக்கப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் கேமரா வெளிச்சத்துக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். அதற்காக வயரை மாற்றிப் பயனில்லை.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்ட்டிமீட்டர், 12 வோல்ட் பேட்டரி ஒன்று (மோட்டார் சைக்கிள் பேட்டரி போதும்), நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு மீட்டர் கேபிள், மஞ்சள் பின் துளையுள்ள சின்னப் பழைய மானிட்டர், நாலைந்து பி.என்.சி. முனைகள். அப்புறம் ஒரு காந்தம். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எதைச் செருகினாலும் பிடுங்கினாலும் இரண்டு பக்க மின்சாரத்தையும் அணைத்துவிட்டே செய்யுங்கள். ஆர்.சி.ஏ. பின்னில் நடு ஊசிதான் முதலில் தொடும், வெளிவளையம் அதற்கு அப்புறம்தான். அடாப்டரின் கசிவு மின்சாரம் அந்த நொடியில் நேரே சிக்னல் வழியாகப் பாயும். டி.வி.ஆரின் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) உள்ளீட்டுச் சிப்பு போவது பெரும்பாலும் இப்படித்தான்.

படமே இல்லை: நீலத் திரை, கறுப்புத் திரை, "வீடியோ லாஸ்"

*எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் போய்விட்டதா?*

அப்படியானால் கேமராக்களை விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும் பெட்டியைப் பாருங்கள். மீ-பியெத் (மின்வெட்டு) முடிந்து "மீ லா பீ", கரண்ட் வந்துவிட்டது, என்று தெருவே கத்தும் அந்த நொடியில் வோல்டேஜ் குதிக்கும். மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும் அடாப்டர்கள் அதற்குச் சாட்சி. அடாப்டர் நன்றாக இருந்தால் டி.வி.ஆர். எந்தத் துளை வழியாகப் படம் அனுப்புகிறது, டி.வி. எந்த உள்ளீட்டில் நிற்கிறது என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். ரிமோட்டைக் குழந்தை அழுத்தியதற்காக நான் வெளியூரான பெகு வரை போய்வந்திருக்கிறேன்.

*ஒரே ஒரு கேமராவா?*

முதலில் டி.வி.ஆரில் அதன் கேபிளைக் கழற்றி, படம் வரும் பக்கத்துச் சானலில் மாட்டுங்கள். அங்கே படம் வந்தால் பழைய சானல்தான் கெட்டது. அந்தத் துளையை மூடிவிட்டு, காலியாக உள்ள வேறொன்றைப் பயன்படுத்துங்கள். வரவில்லையென்றால் கேமரா பக்கம் போக வேண்டும்.

கேமரா உயிரோடு இருக்கிறதா என்று அறிய அதன் முன்பக்கத்தைக் கையால் மூடுங்கள். இருட்டிவிட்டது என்று நினைத்து அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் கைபேசிக் கேமரா வழியாகப் பாருங்கள், வெளிர் ஊதாவாகத் தெரியும். எரியவில்லையென்றால் கேமராவின் மின்முனையிலேயே 12 வோல்ட் இருக்கிறதா என்று அளக்கவும். அடாப்டர் பக்கம் அளந்துவிட்டு "கரண்ட் வருதே" என்று சொல்வதில் பயனில்லை.

*கேமரா உயிரோடு இருக்கிறது, படம்தான் இல்லை*

டி.வி.ஆரை அணையுங்கள். கேபிள் அதில் மாட்டியே இருக்கட்டும். கேமரா பக்க முனையை மட்டும் கழற்றி, நடு ஊசிக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள்.

75 ஓமும் அதற்கு மேல் கொஞ்சமும் காட்டினால் வயரும் டி.வி.ஆர். உள்ளீடும் சரி. கேமராவின் மேல் சந்தேகப்படலாம். உங்கள் டி.வி.ஆர். 75 காட்டாமல் வேறு எண் காட்டினால் பதற வேண்டாம், வேலை செய்யும் பக்கத்துச் சானலிலும் அளந்து ஒப்பிடுங்கள். மீட்டர் எதுவுமே காட்டவில்லையென்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, பத்தில் ஒன்பது முறை அது பி.என்.சி. முனைக்குள்தான். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் ஷார்ட்: வெளிப்பின்னலின் ஒரு மயிரிழை நடு ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளையும் வெட்டிப் புதிதாகப் போடுவது கேபிள் முழுவதையும் சந்தேகப்படுவதைவிட மலிவு. திருகு போட்டு இறுக்கும் முனைகளை நான் தற்காலிக வேலைக்குத்தான் பயன்படுத்துவேன். நிரந்தரமாக என்றால் நசுக்கிப் பொருத்தும் முனைதான்.

நெட்வொர்க் கேபிளின் முறுக்கிய ஜோடியில் பாலுன் (கேமரா முனையை ஜோடிக் கம்பியோடு இணைக்கும் சின்னத் துண்டு) வைத்து இழுத்த இடமா? இரண்டு கம்பிகளும் ஒரு பக்கத்தில் மாறிப் போயிருக்கலாம். மாறினால் வீடியோ தலைகீழாகி, டி.வி.ஆரால் படத்தைப் பிடிக்கவே முடியாது. ஒரு முனையில் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரண்டு கம்பியும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவைதானா என்பதையும் பாருங்கள். பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று எடுத்தால் படம் வந்தாலும் பக்கத்துக் கேமராவின் நிழல் அதில் நடமாடும்.

புதிய வகைக் கேமராவாக இருந்து இவை எல்லாமே சரியாக இருந்தால், அது டி.வி.ஆருக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருக்கலாம். ஏ.எச்.டி., டி.வி.ஐ., சி.வி.ஐ., பழைய சாதாரண வீடியோ என நாலு வகையில் அனுப்பும் கேமராக்கள் உண்டு. வயரில் தொங்கும் சின்னப் பொத்தானை ஒரு பக்கமாகச் சாய்த்து ஐந்து நொடி பிடித்தால் வகை மாறும். எந்தப் பக்கம் எதற்கு என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். பொத்தான் வயரிலேயே இருப்பதால், கம்பத்தில் ஏறி இழுத்துக் கட்டும்போது தவறுதலாக அழுந்துவதும் உண்டு.

படம் உருள்கிறது, அல்லது கறுப்பு வெள்ளையாக வருகிறது

பர்மாவுக்கென்றே உள்ள தலைவலி இது. 1980-இல் இங்கே தொலைக்காட்சி தொடங்கியபோது என்.டி.எஸ்.சி. என்ற கலர் வீடியோ முறையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சுற்றியுள்ள இந்தியா, தாய்லாந்து, சிங்கப்பூர் எல்லாம் பால் (PAL) என்ற முறையை எடுத்துக்கொண்டன. நம் ஆட்களோ எல்லாத் திசையிலிருந்தும் சாமான் கொண்டுவருகிறவர்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய மானிட்டர் ஒரு முறை, சென்னையிலிருந்து மாமா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கேமரா இன்னொரு முறை. என்.டி.எஸ்.சி. நொடிக்கு ஏறத்தாழ 30 படமும் 525 கோடும், பால் 25 படமும் 625 கோடும். சேர்த்துவைத்தால் சண்டைதான்.

*படம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் கலர் இல்லை அல்லது உருள்கிறது*

டி.வி.ஆர். மெனுவில் வீடியோ முறை என்ன என்று பாருங்கள். கேமராவின் அடியில் ஒட்டியுள்ள சீட்டிலும் பாருங்கள். டி.வி.ஆர். அமைப்பை மாற்றினால் அது ஒருமுறை அணைந்து எழ வேண்டும். ஒரே டி.வி.ஆரில் பாதி பால், பாதி என்.டி.எஸ்.சி. என்று கலந்து மாட்டினால் பல டி.வி.ஆர்கள் ஒரு கூட்டத்தை மட்டுமே ஏற்கும். அமைப்பை மாற்றும் வசதி கேமராவிலும் இல்லையென்றால் எந்தக் கூட்டம் சிறியதோ அதை மாற்றிவிடுங்கள். வேறு வழியில்லை.

முறை சரியாக இருந்தும் கலர் இல்லையா? டி.வி.யின் பின்பக்கம் பாருங்கள். சில டி.வி.க்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரே துளை இருக்கும். அதில் மஞ்சள் பின்னைச் செருகிவிட்டு மெனுவில் காம்பொனன்ட் என்று தேர்ந்தெடுத்தால் அருமையான கறுப்பு வெள்ளைப் படம் வரும். ஏ.வி. என்று மாற்றினால் தீர்ந்தது.

மஞ்சள் துளையே இல்லாமல் ஹெட்போன் துளை மாதிரி ஒன்று மட்டும் இருக்கிறதா? அதற்கு மூன்று வளையம் போட்ட பின் உள்ள வயர் வேண்டும். வளையங்களின் வரிசை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. தவறான வயர் என்றால் படம் துடிக்கும், ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் கேட்கும், ஏனென்றால் வீடியோ ஒலி வழியில் போய்க்கொண்டிருக்கிறது. கேமரா வயரை மஞ்சளுக்குப் பதில் சிவப்பிலோ வெள்ளையிலோ மாட்டிப் பாருங்கள். படம் நேரானால் டி.வி.க்கு ஏற்ற வயரை வாங்கிவிடலாம்.

*படம் மங்கலாகவும் இருக்கிறது, கலரும் இல்லை*

இது கேபிளின் வேலை. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

படம் மங்கல், கலர் வெளிறி, விளிம்பெல்லாம் கரைந்து

காந்தத்தை எடுங்கள்.

ரங்கூனுக்கு வெளியே ஒரு கோயில். கோபுரத்தின் பக்கத்தில் வைத்த கேமராவிலிருந்து அலுவலக அறை வரை ஏறக்குறைய 90 மீட்டர் கேபிள். கேமரா புதிது, டி.வி.ஆர். புதிது. படமோ பாலில் நனைத்த மாதிரி. எனக்கு முன்னால் வந்தவர் கேமராவையே இரண்டு முறை மாற்றிவிட்டுப் போயிருந்தார். கேபிளின் முனையைச் சீவி நடுக் கம்பியில் காந்தத்தை வைத்தேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. டிஷ் ஆன்டெனாவுக்கான கேபிள். நடுவில் எஃகு, மேலே செம்புப் பூச்சு, சுற்றிலும் மெல்லிய அலுமினியப் பின்னல்.

"ஐயா, இந்தக் கேபிளை மாற்ற வேண்டும்" என்றேன். "தம்பி, அது உபயமாக வந்தது, நல்ல விலை கொடுத்து வாங்கியது" என்றார் கமிட்டிப் பெரியவர். நல்ல கேபிள்தான், டிஷ்ஷுக்கு. அங்கே ஓடும் மிக உயர்ந்த அதிர்வெண் கம்பியின் தோலில் மட்டுமே ஓடும், உள்ளே எஃகு இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கேமராப் படம் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அது கம்பியின் உடம்பு முழுவதையும் கேட்கும். எஃகு அதற்குத் தடை. உபயதாரர் மனம் நோகாமல் இருக்க அந்தக் கேபிளைக் கோயில் டி.வி.யின் டிஷ்ஷுக்கு இழுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் சந்தோஷம்.

காந்தம் இல்லையென்றால் மீட்டரால் அளக்கலாம். தூர முனையில் நடு ஊசியையும் வெளிப்பின்னலையும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, இந்தப் பக்கம் சுற்று ஓம் அளவை எடுங்கள். நல்ல செம்பு ஆர்.ஜி.59 (கேமராவுக்கான வழக்கமான கேபிள் வகை) என்றால் 100 மீட்டருக்கு ஐந்து ஓமுக்குள் அடங்கும். எஃகு நடுக்கம்பி என்றால் 10-ஐத் தாண்டும்.

கேபிள் செம்புதான், ஆனாலும் மங்கலா? நீளத்தைக் கணக்கிடுங்கள். சாதாரண வீடியோவுக்கு ஆர்.ஜி.59 சுமார் 230 மீட்டர் வரை தாங்கும், செம்பு நடுக்கம்பி உள்ள ஆர்.ஜி.6 என்றால் 300 வரை. நீளத்தில் முதலில் பலியாவது கலர்தான், ஏனென்றால் என்.டி.எஸ்.சி.யில் கலர் 3.58 மெகாஹெர்ட்ஸிலும் பாலில் 4.43-இலும் உட்கார்ந்திருக்கிறது. கேபிள் முதலில் விழுங்குவது அந்த உயரத்தைத்தான். தூரம் அதற்கு மேல் போனால் பெருக்கி வைக்கலாம். வைத்தால் கேமரா பக்கத்தில் வையுங்கள், தூர முனையில் வைத்தால் அழுக்கையும் சேர்த்துப் பெருக்கும்.

லென்ஸைத் துடைத்துப் பார்த்தீர்களா? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சாம்பிராணிப் புகையும் எண்ணெய் ஆவியும் படிந்த கர்ப்பகிரக வாசல் கேமராவுக்குப் பாதி நேரம் மருந்து ஒரு மெல்லிய துணிதான்.

படம் இருட்டாக இருக்கிறது, அல்லது கண்ணைக் கூசுகிறது

வெளிச்சம் சரியாக இருந்தும் படம் இருண்டிருந்தால் வயரை எங்கோ இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தீமிதியின்போது வெளியே நிற்கும் கூட்டத்துக்கும் படம் தெரியட்டும் என்று யாரோ ஒரு டி முனையைப் போட்டு இரண்டாவது டி.வி.யை இணைத்துவிட்டார்கள். இரண்டு திரையிலும் பூக்குழி அந்தி நேரம் மாதிரி தெரிந்தது. ஒரு கேமரா 75 ஓம் சுமை ஒன்றுக்கு 1 வோல்ட் வீடியோ கொடுக்கும். இரண்டு சுமை கொடுத்தால் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். முன்னே சொன்ன ஓம் சோதனையில் 75-க்குப் பதில் 37, 38 காட்டினால் இதுதான் காரணம். தீர்வு வீடியோவைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெருக்கி. சின்னப் பெட்டிதான்.

மறுபுறம், படம் பளீரென்று வெளிறி, ஓரங்களில் இரட்டை நிழல் தெரிந்தால் சுமையே இல்லை. பழைய மானிட்டர்களின் பின்னால் 75 ஓம் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரிசையாக மாட்டினால் கடைசி மானிட்டரில் மட்டும் அதைப் போட வேண்டும், நடுவில் உள்ளவற்றில் அணைக்க வேண்டும். ஸ்விட்ச் சரியாக இருந்தும் இரட்டை நிழல் போகவில்லையென்றால் கேபிள் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஆர்.ஜி.58 என்றிருந்தால் அது வாக்கி டாக்கிக் காரர்களின் 50 ஓம் கேபிள், தடிமன் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் கடைக்காரரும் ஏமாறுவார்.

திரையில் பட்டை ஓடுகிறது, படம் துடிக்கிறது

என் நேரத்தை அதிகம் தின்ற கோளாறு இது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

*முதல் கேள்வி: வெளிச்சமா, வயரா?*

லென்ஸைக் கையால் முழுக்க மூடுங்கள். கறுப்புத் திரையிலும் பட்டை தெரிகிறதா? தெரிந்தால் மின்கோளாறு. மறைந்துவிட்டால் குற்றவாளி டியூப்லைட்.

டியூப்லைட் விவகாரம் நம் ஊருக்கென்றே அமைந்தது. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். என்.டி.எஸ்.சி. கேமராவோ நொடிக்கு 60 முறை பார்க்கும். இரண்டும் பொருந்தாமல் வெளிச்சம் அலையடிக்கும். கேமரா மெனுவில் ஷட்டரை 1/100 ஆக்குங்கள், அல்லது ஃப்ளிக்கர்லெஸ் என்று இருப்பதைப் போடுங்கள். செலவில்லாமல் முடியும் வேலை.

*வயர்தான் என்றால்*

கேமராவின் அடாப்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். பட்டை போய்விட்டதா? அப்படியானால் இரண்டில் ஒன்று: அடாப்டர் கெட்டது, அல்லது மண் சுற்று (வயரின் இரண்டு முனையும் வெவ்வேறு இடத்தில் எர்த்தைத் தொடுவது). வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். பட்டை திரும்ப வந்தால் மண் சுற்று, வராவிட்டால் பழைய அடாப்டரைக் குப்பையில் போடுங்கள்.

பேட்டரியிலும் பட்டை நிற்கிறதா? கேமராவின் உலோக உடம்பு இரும்புக் கம்பத்தையோ தகரக் கூரையையோ தொட்டு அங்கே மண்ணைக் கண்டுகொண்டிருக்கிறது. மறுமுனையில் டி.வி.ஆர். வேறொரு மண்ணில் நிற்கிறது. இரண்டு மண்ணுக்கும் இடையேயுள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் வெளிப்பின்னலில் மின்சாரமாக ஓடிப் படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். திருகுகளைத் தளர்த்திக் கேமராவைக் கம்பத்திலிருந்து தூக்கிப் பிடியுங்கள். பட்டை மறைந்தால் நோய் தெரிந்துவிட்டது. இடையில் ரப்பர் ஷீட் வைத்து, பிளாஸ்டிக் வாஷர் போட்டு மாட்டுங்கள். எங்காவது வெற்று பி.என்.சி. முனை இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், டேப் சுற்றினாலே தீரும். இவை பலிக்காவிட்டால் மண் சுற்றைப் பிரிக்கும் ஐசொலேட்டர் ஒன்றை டி.வி.ஆர். பக்கத்தில் வையுங்கள். அதுதான் கொஞ்சம் செலவு.

ஜெனரேட்டர் ஓடும்போது இன்னொரு நல்ல அடையாளம் கிடைக்கும். பால் கேமராவில் பட்டை மெதுவாக ஊர்ந்து போகும், என்.டி.எஸ்.சி.யில் நொடிக்குப் பத்து முறை ஓடுவதால் துடிப்பு மாதிரிதான் தெரியும். ஜெனரேட்டர் வேகம் கூடிக் குறையும்போது பட்டையின் ஓட்டமும் கூடிக் குறைந்தால், மின் இணைப்பிலிருந்துதான் வருகிறது என்று சத்தியம் செய்யலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டி.வி.ஆர். பிளக்கின் மண் ஊசியை வெட்டினால் பட்டை போய்விடும். போகும், உண்மைதான். கூடவே, பின்னால் ஒரு நாள் ஏதாவது கசிந்தால் மின்சாரத்துக்குப் போக்கிடம் உங்கள் கை. அப்படி வெட்டிய பிளக்குகளை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்த்த இடத்திலேயே மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

*எப்போது நிறுத்த வேண்டும்*

கேபிளைக் கழற்றி, அதன் வெளிவளையத்துக்கும் டி.வி.ஆர். உடம்புக்கும் இடையே ஏ.சி. வோல்ட் அளங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் மேலே சொன்னபடி நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 50, 100 என்று காட்டினால் கையை எடுங்கள். மண் இல்லாத இரண்டு ஊசி அடாப்டரின் கசிவும் டிஜிட்டல் மீட்டரில் இப்படித்தான் காட்டும், தொட்டால் சுருக்கென்பதோடு சரி. ஆனால் எங்கோ உண்மையாகவே லைன் கம்பி கம்பத்தில் பட்டிருந்தாலும் மீட்டர் இதே எண்ணைத்தான் காட்டும். எது எது என்று பிரித்தறிவது மின் பணியாளரின் வேலை.

மெல்லிய சாய்கோடுகள், மீன்முள் மாதிரி

மலிவான அடாப்டரோ, பக்கத்திலுள்ள எல்.இ.டி. விளக்கின் டிரைவரோ காரணம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். திருவிழா சீரியல் விளக்குகளை மறக்க வேண்டாம். எதை அணைத்தாலும் போகவில்லையென்றால் முனைகளில் வெளிப்பின்னல் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னல் விட்டுப் போன கேபிள் ஆன்டெனா ஆகிவிடும்.

பகலில் நன்றாக இருக்கிறது, இரவில் போகிறது

இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கேமரா இழுக்கும் மின்சாரம் பல மடங்காகும். மெல்லிய வயர் அதைத் தாங்காது. கணக்கு எளிது: 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 100 மீட்டருக்குப் போக வர ஏழு ஓம். கேமரா 0.4 ஆம்பியர் இழுத்தால் கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே தொலைந்து, கேமராவுக்கு 9 தான் போய்ச் சேரும். விளக்கு எரியும், வோல்ட் விழும், கேமரா செத்து எழும், மறுபடி விளக்கு எரியும். இரவு முழுக்க இதே கூத்து.

பகலில் வந்து அளந்தால் 12 காட்டும், எல்லாம் சரி என்று போய்விடுவார்கள். கேமரா முகத்தை மூடி விளக்கை எரியவிட்டு, கேமரா முனையில் அளங்கள். 11-க்குக் கீழே இறங்கினால் தடித்த வயர் போடுங்கள், அல்லது அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மழை படாத பெட்டிக்குள் வையுங்கள். அடாப்டர் வோல்டேஜைத் திருகி ஏற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. பகலில் விளக்கு அணைந்ததும் அந்த முழு வோல்ட்டும் கேமராவின் தலையில் விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

இரவில் படம் வெள்ளைப் புகை மாதிரி இருந்தால் மின்சாரம் காரணமல்ல. கண்ணாடி மேல் சிலந்தி வலையோ, ஓரத்து ரப்பர் நகர்ந்ததோதான்.

மழைக்கு அப்புறம் கெட்டது

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை இதற்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். கேமரா அருகிலுள்ள பி.என்.சி. இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் இரண்டு அங்குலம் உள்ளே வரை வெட்டுங்கள். அங்கேயும் வெளிப்பின்னல் கறுத்திருந்தால் தண்ணீர் கேபிளுக்குள் நடந்து போயிருக்கிறது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். வெயிலில் காய்ந்ததும் படம் தானாகத் திரும்பும். திரும்பிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

மாட்டும்போது இணைப்புக்கு முன்னால் கேபிளைத் தொங்கும் ஒரு வளைவாக விடுங்கள், தண்ணீர் அடியில் சொட்டிப் போகும். இணைப்பின் மேல் தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண டேப். பிளாஸ்டிக் பையைச் சுற்றி நூல் கட்டுவது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாத்திரம்.

இடி விழுந்த மறுநாள் பல சானல்கள் சேர்ந்து போயிருந்தால் நீங்கள் திறக்க வேண்டாம். டி.வி.ஆர். போர்டைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், கொடுக்கும் முன் பதிவு வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபெருக்கியில் "ம்ம்ம்" என்று உறுமல்

கேமராவைப் பார்க்கப் போனால் "ஸயா (வாத்தியாரே), இதையும் பார்த்துவிடுங்கள்" என்று ஆம்பிளிபயரையும் காட்டுவார்கள். நியாயம்தான், ஒலி வயரும் இதே ஜாதி.

பாட்டு போடும் கைபேசி சார்ஜரில் இருக்கிறதா? சார்ஜரைப் பிடுங்குங்கள். பாதிக் கோயில்களில் உறுமல் இங்கேயே நிற்கும். நிற்கவில்லையென்றால் ஆம்பிளிபயரில் மாட்டிய ஒவ்வொரு வயரையும், ஒலியைக் குறைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அது. டி.வி.ஆரிலிருந்து ஒலிக்கு வயர் போயிருந்தால் பெரும்பாலும் அதுதான், படத்தில் பட்டை வந்த அதே மண் சுற்று. ஒலிக்கான ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீரும். மைக் வயர் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரித்து ஒரு முழம் தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாகப் போகட்டும்.

மைக்கைத் தொட்டதும் உதடு சுருக்கென்கிறது என்று அர்ச்சகர் சொன்னால் உறுமலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு மின் பணியாளருக்குப் போன் போடுங்கள், அவர் வரும் வரை அர்ச்சனை மைக் இல்லாமலே நடக்கட்டும்.